'சூன்' என்றால் எப்போது?

ஆங்கிலத்தில் நாம் அடிக்கடி கையாளும் வினையடை 'சூன்'. பொருள் கேட்டால், 'விரைவில்' என்று பள்ளிச் சிறுவரும் சொல்வர். ஆனால் அதன் பிறப்பு வேறு.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுமுன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'சோனா' என இருந்தது. அன்று அதன் பொருள் 'உடனே', 'அக்கணமே' என்பதாம். 'அஸ் சூன் அஸ்' என்னும் தொடரில் அப்பழம்பொருளின் சாயல் இன்றும் உண்டு. மணி அடித்தவுடன் எழுந்தான் என்பதை அத்தொடரால் சொல்கிறோம். 'சூனர் ஓர் லேற்றர்' என்றாலோ 'என்றோ ஒருநாள்' என்றாகிவிடுகிறது. 'வுட் சூனர்' என்பது விருப்பத்தைக் குறிக்கும்: பொய் சொல்வதிலும் இறப்பதே மேல் என்பதுபோல.

'உடனே' எவ்வாறு 'பிறகு' ஆயிற்று? மக்கள் 'உடனே' என்று சொல்லிவிட்டுத் தாமதித்தார்கள். சொல்லும் அவர்களோடு சேர்ந்து தளர்ந்தது என்பர் மொழியறிஞர். 'அனன்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். 1598இல் அச்சேறிய சேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தில், மதுக்கடைப் பையன் ஒருவன் 'அனன், அனன்' என்று கூவுகிறான், வந்தபாடில்லை! நம் வீடுகளில் 'இந்தா வாறன்' என்ற குரல் கேட்பதில்லையா?

'பை அன்ட் பை' என்பதும் முன்பு 'உடனே' என்றே பொருள்பட்டது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில், திருமுழுக்கு அருளப்பரின் தலையைக் கேட்கும் ஏரோதியாளின் மகள் இத்தொடரையே சொல்கிறாள். 'பிறகு தந்தால் போதும்' என்று கேட்டாள் என இன்று வாசிப்பவர் மயங்கக்கூடும். அவள் கேட்டதோ அக்கணமே.

அதே அதிகாரத்தில் ஏரோதைக் கவனியுங்கள். அருளப்பரின் போதனையை விருப்பத்தோடு கேட்டவன் அவன். ஆனால் மனந்திரும்புதலைத் தள்ளிப்போட்டான். கொலைக்கான கட்டளையையோ உடனே பிறப்பித்தான். தீமைக்கு 'உடனே', நன்மைக்குப் 'பிறகு'! புனித அகுஸ்தீனாரும் 386இல் மனந்திரும்புமுன், 'இதோ, இதோ' என்று நெடுநாள் இழுத்தடித்ததைத் தம் நூலில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். அவர் ஈற்றில் எழுந்தார், ஏரோது எழவில்லை.

அன்பு வாசகரே, பேசாதிருக்கும் சகோதரனிடம் போவதும், விட்டுப்போன பாவசங்கீர்த்தனமும், தாய்க்கு எழுதவேண்டிய கடிதமும் உங்கள் அகராதியில் எந்தச் 'சூன்'? பழையதா, புதியதா? இன்று மாலைக்குள் அவற்றுள் ஒன்றையாவது செய்து முடியுங்கள்.