அளவான போஜனம்: எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வாழ்வு



 பசியாயிருப்போருக்கு உணவளிக்கும்படி நீங்கள் அனுப்பும் காணிக்கையால் இயங்கும் மருத்துவ ஊழியத்தின் மடலில், உடல் பருமனைப் பற்றிய பாடம் எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பாடத்திற்குள் செல்வோம்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பெண்களில் 40 பேருக்கும், நூறு ஆண்களில் 37 பேருக்கும் எடை அளவுக்கு மிஞ்சியுள்ளது. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இவர்கள் எல்லாரும் செல்வந்தர்கள் அல்ல. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் வேலை செய்வோரும் இவர்களில் அடங்குவர். ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். அதில் பெரும்பகுதி உட்கார்ந்தே கழிகிறது. டீ நேரத்தில் வடையும் பஜ்ஜியும், இரவு வீடு திரும்பும் வழியில் பரோட்டாவும் கிடைக்கின்றன. சமைக்க நேரமில்லை, உறங்கவும் நேரம் போதவில்லை. வயிறு நிறைந்தாலும் உடலுக்கு வேண்டிய சத்து சேர்வதில்லை. ஆகவே பருமனும் ஏழையின் நோயாகிவிட்டது.

1. அறுவைச் சிகிச்சை என்ன செய்கிறது?

எடையைக் கிலோ கணக்கிலும் உயரத்தை மீட்டர் கணக்கிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை எண் கிடைக்கும். 155 சென்டிமீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒரு சகோதரிக்கு அது 33க்குச் சற்று மேல் வரும். இந்தியருக்கு இந்த எண் 37.5ஐத் தாண்டினாலோ, அல்லது 32.5ஐத் தாண்டி அதோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத்திணறல் போன்ற நோய்களும் இருந்தாலோ, மற்ற வழிகள் பலன் தராதபோது அறுவைச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் ஆலோசிக்கின்றனர்.

இரண்டு முறைகள் அதிகமாகச் செய்யப்படுகின்றன. முதலாவதில் இரைப்பையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை நீக்கிவிடுகிறார்கள். மீதமிருப்பது வாழைக்காய் போன்ற ஒரு குழாய். அதன் கொள்ளளவு டீக்கடைக் கண்ணாடி டம்ளர் ஒன்றுக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். பசியைத் தூண்டும் ஹார்மோன் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியும் குறைகிறது. இரண்டாவது முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும் சிறு பை ஒன்றை அமைத்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். இதனால் உணவும் குறைகிறது, சத்து உறிஞ்சப்படுவதும் குறைகிறது. இந்த மாற்றுப்பாதை முறையை 1966ல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் தொடங்கினார்.

இது அழகுக்காகச் செய்யப்படும் சிகிச்சை அல்ல. சுவீடனில் 1987ல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2007ல் வெளியாயிற்று. அறுவை செய்துகொண்டோரிடையே மரணம், செய்யாதோரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. ஆயினும் இதில் ஆபத்தே இல்லை என்று எண்ணலாகாது. 2024 ஏப்ரலில் சென்னையில் ஓர் இளைஞர் இச்சிகிச்சையின்போது உயிரிழந்த செய்தியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். ஆகவே அனுபவமுள்ள குழுவும், தீவிர சிகிச்சை வசதியும் உள்ள இடத்தையே நாட வேண்டும். 1900ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையில் இன்று இச்சிகிச்சையும் நடைபெறுகிறது. கோயம்புத்தூரிலும் இதற்கான மருத்துவமனைகள் உண்டு.

2. முதல் இரண்டு மாதங்கள்

தையல் ஆறும்வரை உணவு படிப்படியாக ஏற வேண்டும். முதலில் தெளிந்த நீராகாரம்: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், இளநீர், நீர்மோர். பின்பு பால், தயிர், வடிகட்டிய சூப். அதன்பின் மசித்த உணவு, அடுத்து மென்மையான உணவு, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவு. ஒவ்வொரு படிக்கும் எத்தனை நாள் என்பதை அறுவை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும். "பக்கத்து வீட்டு அக்கா பத்தாம் நாளே இட்லி சாப்பிட்டார்" என்பது நமக்கு அளவுகோல் ஆகாது. இக்காலத்தில் துணிப் பண்டல் தூக்குவது போன்ற பளுவான வேலையும் கூடாது. வேலைக்குத் திரும்பும்போது சூப்பர்வைசரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

3. தட்டில் எது முதலில்?

இரைப்பை சிறிதாகிவிட்டதால், முதலில் எதை உண்கிறோமோ அதுவே உடலைச் சேரும். சோற்றை முதலில் உண்டால் புரதத்திற்கு இடமிராது. புரதம் குறைந்தால் தசை கரையும், உடல் சோரும், முடி கொட்டும். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது தேவை. அது எப்படிக் கிடைக்கும்?

இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலிலும் தயிரிலுமாக 16, ஒரு கைப்பிடிப் பருப்பைக் கடைந்தால் 7, சிறு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 6, மூன்று சிறு துண்டு மீனிலோ கோழியிலோ 17. மொத்தம் 58. விலை கூடிய பவுடர் டப்பா எல்லாருக்கும் அவசியமில்லை என்பது இதிலிருந்து விளங்கும். நம் கொங்கு நாட்டுக் கொள்ளுப் பருப்பும் நல்ல உணவே. அரிசிம்பருப்பு சாதம் செய்தால் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள். முட்டை, மீன் உண்ணாதோர் பனீர், சோயா, தயிர் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

உண்ணும் முறைக்கும் ஒழுங்கு வேண்டும்:

அ) சிறு கவளமாக எடுத்து, கூழாகும்வரை மென்று, இருபது முதல் முப்பது நிமிடம் வரை உண்ண வேண்டும். மணி அடிக்குமுன் அள்ளிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இனி உதவாது.

ஆ) வயிறு நிறைந்த உணர்வு வந்ததும் நிறுத்த வேண்டும். "இன்னும் ஒரு வாய்தானே" என்பதே வாந்தியில் முடியும்.

இ) உணவோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் இடைவெளி தேவை. ஆனால் நாள் முழுவதும் சிறு சிறு மிடறாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்யும் சகோதரிகள் கழிவறைக்குச் செல்வதைத் தவிர்க்கத் தண்ணீரையே தவிர்ப்பதுண்டு. அறுவைக்குப் பின் இது மிகவும் கெடுதல். துணி நனையும் என்று பாட்டிலை மேசைமேல் வைக்க முடியாவிட்டால் காலருகே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈ) பரோட்டா, மெத்தென்ற பிரெட், குழைந்த ஒட்டும் சோறு, உலர்ந்த இறைச்சி ஆகியவை உருண்டையாகி அடைத்துக்கொள்ளலாம்.

உ) இனிப்பு மிகுந்தவை வேகமாகக் குடலில் இறங்கினால் படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு உண்டாகும். மாற்றுப்பாதை முறையில் இது அதிகம்.

இன்னொரு கண்ணியையும் சொல்ல வேண்டும். சிறிய இரைப்பை கெட்டியான உணவைத் தடுக்கும், திரவத்தைத் தடுக்காது. இரண்டு கரண்டி சர்க்கரையுடன் நாளைக்கு ஐந்து டீ என்றால் பத்துக் கரண்டி சர்க்கரை. அதோடு குளிர்பானமும் ஐஸ்கிரீமும் சேர்ந்தால் இறங்கிய எடை திரும்ப ஏறும். எடை இறங்குவது பெரும்பாலும் முதல் ஒன்று, ஒன்றரை ஆண்டுகளில்தான். அக்காலத்தில் பழகிய பழக்கமே பின்னாளில் காப்பாற்றும்.

4. உயிரைக் காக்கும் எச்சரிக்கைகள்

இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வாந்தி சில நாட்கள் நிற்காமல் தொடர்ந்தால் தயமின் என்னும் பி1 வைட்டமின் உடலில் தீர்ந்துபோகும். பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். நம் பக்கத்தில் சோர்வு என்றாலே அருகிலுள்ள கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறோம் அல்லவா? தயமின் குறைந்தவருக்கு, தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படக்கூடும். எந்த மருத்துவரிடம் சென்றாலும், "எனக்கு இன்ன அறுவை நடந்துள்ளது" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அதை ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைத்திருப்பது இன்னும் நலம்.

மேலும், கை கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகள் தைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கும். மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது. புகையும் அப்படியே. மது முன்னிலும் வேகமாக இரத்தத்தில் ஏறும், முன்பு அடிமைப்படாதவரும் அடிமைப்படக்கூடும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும் ஊரில் இதைத் துணிந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதமின்றி அறுவை செய்த மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். பெண்கள் முதல் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது தாய்க்கும் சேய்க்கும் நல்லது. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறபடியால் முன்கூட்டியே ஆலோசனை பெறுங்கள்.

இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவை ஆயுள் முழுவதும் தேவை. முதல் ஆண்டில் சில தடவையும், பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையாவதும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சர்க்கரை அளவு இறங்கிவிட்டது என்று மாத்திரையைத் தானே நிறுத்துவதோ, பரிசோதனையை விடுவதோ கூடாது. சிலருக்கு அது திரும்ப வருவதுண்டு.

5. சபையார் என்ன செய்யலாம்?

முதலாவது, நாவைக் காப்போம். பருமனானவரைக் கண்டதும் பெருந்தீனி என்று தீர்ப்பிடுகிறோம். அவர் மெலிந்த பிறகோ, "என்ன வியாதி, இப்படி வாடிப்போனீர்கள்?" என்கிறோம். இரண்டும் காயப்படுத்தும். பரம்பரை, ஹார்மோன், தூக்கமின்மை, வேலை நேரம் யாவும் எடையைத் தீர்மானிக்கின்றன. சதை தொங்குவதும், முடி கொட்டுவதும், துக்கத்தில் ஆறுதலாயிருந்த உணவு இனி இல்லை என்பதும் அவர்கள் மனதை மிகவும் சோரப்பண்ணும்.

இரண்டாவது, பந்தியில் வற்புறுத்தாதிருப்போம். கிறிஸ்துமஸ் கேக்கும், அசனப் பந்தியும், கலியாண விருந்தும் அன்பின் அடையாளங்களே. ஆயினும் இலையில் நாலு கவளத்தோடு எழுந்திருப்பவர் நம்மை அவமதிக்கவில்லை. தனக்குச் சொல்லப்பட்ட அளவை அவர் காத்துக்கொள்கிறார்.

மூன்றாவது, உபவாசம். லெந்து காலத்திலும் உபவாச ஜெப நாட்களிலும் தண்ணீருமின்றி இருப்போர் உண்டு. அறுவை முடிந்தவருக்கு, விசேஷமாக முதல் ஒன்றரை ஆண்டுகளில், இது ஆபத்தானது. பிறகும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். போதகர்கள் இதைத் தாங்களாகவே சொல்லி, அவர்கள் உள்ளத்திலிருந்து குற்ற உணர்வை நீக்கும்படி வேண்டுகிறோம்.

நான்காவது, தொடர்ந்து தாங்குவோம். அறுவைக்குப் பணம் வேண்டும் என்றால் சொந்தக்காரர் கூடுவார்கள், கடனும் கிடைக்கும். இரண்டாம் வருஷத்து வைட்டமின் மாத்திரைக்கும், பரிசோதனைக்கு விடுப்பு எடுப்பதால் இழக்கும் ஒரு நாள் கூலிக்கும் யார் கூடுவார்? பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். மாத்திரை நின்ற பின் வரும் இரத்தசோகையும் எலும்புத் தேய்மானமும் சத்தமின்றி வரும். சிறிய தொகையாயினும் மாதந்தோறும் வரும் உதவி அந்த இடத்தில்தான் ஓர் உயிரைத் தாங்குகிறது.

கலந்துரையாடலுக்கு

1. நம் சபை விருந்துகளில் புரதமுள்ள, எண்ணெய் குறைந்த ஒரு பதார்த்தமாவது வைக்க என்ன செய்யலாம்?
2. ஒன்றரை ஷிப்ட் வேலை செய்யும் குடும்பங்களுக்கு, நல்ல இரவு உணவு கிடைக்க அண்டை வீட்டார் எப்படி உதவலாம்?
3. பருமனைப் பற்றி நாம் பேசும் எந்த வார்த்தையை இன்றே விட்டுவிட வேண்டும்?

இப்பாடத்தை உங்கள் பெண்கள் ஐக்கியத்திலும் வாலிபர் கூட்டத்திலும் வாசித்துப் பேசுங்கள். பரிசோதனைக்கு வர வழியின்றி நின்றுவிட்டவர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.