மலைப்பனியை அளந்து ஆற்றுநீரை முன்னறிதல்



விதைப்பதற்கு முன் நீரை அளந்தறிதல் கமத்தொழிலின் முதற் கடமைகளுள் ஒன்றாகும். மழை மிகக் குறைந்த நாட்டில் வாழும் கமக்காரர் இக்கடமையை எவ்வாறு நிறைவேற்றுகின்றனர் என்பதை அறிதல் நமக்கும் பயன்தரும். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பாகத்திலுள்ள நெவாடா மாநிலம் அத்தகையதொரு நாடாகும். அங்கு இளவேனிற் காலத்தில் வெளியிடப்படும் ஆற்றுநீர் முன்னறிவிப்பையும், அதனைக் கொண்டு விதைப்பைத் தீர்மானிக்கும் வகையையும் இங்கே விளக்குவோம்.

நாட்டின் இயல்பு

நெவாடாவின் மேற்கெல்லையில் சியரா நெவாடா மலைத்தொடர் மதில்போல் நிற்கின்றது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலையில் ஏறும்போது குளிர்ந்து, தன் நீரைப் பனியாகவும் மழையாகவும் சொரிந்துவிடும். மலையைக் கடந்து கிழக்கே இறங்குவது வறண்ட காற்றே. ஆகவே, கடல் மட்டத்திலிருந்து 4,500 அடி உயரத்திலுள்ள ரீனோ நகரில் ஓராண்டில் பெய்யும் சராசரி மழை 8 அங்குலத்துக்கும் குறைவு. நமது வறண்ட வலயத்திலோ பெரும்பாலான இடங்களில் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மழை பெய்கின்றது. இதனை ஒப்பிட்டால் அந்நாட்டின் வறட்சி நன்கு புலப்படும்.

இந்த உயர்ந்த பாலைநிலத்தை வாழவைப்பவை மலையிற் பிறக்கும் ஆறுகளாகும். திரக்கி ஆறு தாகோ ஏரியிலிருந்து புறப்பட்டு, ரீனோ நகரூடாகச் சென்று பிரமிட் ஏரியில் முடிகின்றது. கார்சன் ஆறும் கடலை அடையாமல் பாலைநிலத்திலேயே முடிவடைகின்றது. 1905ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட டேர்பி அணை திரக்கி ஆற்றின் ஒரு பகுதியை வாய்க்கால் வழியே திருப்புகின்றது. 1915இல் முடிக்கப்பட்ட லகொன்டன் அணை கார்சன் ஆற்றைத் தேக்குகின்றது. இந்நீரைக் கொண்டு பாலன் என்னும் ஊரைச் சூழ்ந்த நிலங்களில் அல்பல்பா என்ற கால்நடைத் தீவனப் பயிர் பெரிதும் செய்கை பண்ணப்படுகின்றது. அண்டைப் பள்ளத்தாக்குகளில் வெங்காயமும் விளைகின்றது.

மாரியில் மலைமேல் சேரும் பனி, ஏப்பிரல் தொடக்கம் யூலை வரை உருகி ஆற்றில் இறங்கும். மலைப்பனியே அக்கமக்காரரின் முதற் குளம். வெயிலே அதன் துருசு. அக்குளத்தில் எவ்வளவு நீருண்டு என்று அறியாமல் விதைப்பவன், கண்ணைக் கட்டிக்கொண்டு விதைப்பவனாவான்.

பனியை அளக்கும் முறை

பனியின் ஆழத்தை மட்டும் அளந்தாற் போதாது. புதிதாக விழுந்த பனி 10 அங்குலம் உருகினால், ஏறக்குறைய 1 அங்குல நீரே கிடைக்கும். இளவேனிலில் இறுகிக் கிடக்கும் பனியோ அதே ஆழத்தில் 4 அங்குலம் வரை நீர் தரும். எனவே அளக்கவேண்டியது பனியிலுள்ள நீரையே.

இதற்கு வழிகண்டவர் நெவாடாப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழியைக் கற்பித்த ஜேம்ஸ் சேர்ச் என்னும் பேராசிரியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 10,776 அடி உயரமான ரோஸ் மலையில் வானிலை அவதான நிலையமொன்றை அமைத்து, பனியைக் குடைந்தெடுக்கும் குழாயொன்றையும் ஆக்கினார். குழாயின் உட்குறுக்களவு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம், நுனியிற் பற்களுண்டு. அதனைத் தரைவரை இறக்கி, பனியோடு எடுத்து நிறுத்து, வெறுங்குழாயின் நிறையைக் கழிக்கவேண்டும். எஞ்சும் நிறையில் ஓர் அவுன்சு, ஓர் அங்குல நீருக்குச் சமமாகும்படி குழாய் செய்யப்பட்டுள்ளது. எவரும் எளிதிற் கையாளக்கூடிய கருவி இது.

அக்காலத்தில் தாகோ ஏரியின் நீர்மட்டம் குறித்து ஏரிக்கரையில் வாழ்வோருக்கும், ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீரைப் பயன்படுத்துவோருக்கும் பிணக்கு நிலவியது. பனியை அளந்து, ஏரி எவ்வளவு உயரும் என்பதைச் சேர்ச் முன்கூட்டியே கணித்துக் கூறியமை அப்பிணக்கைத் தணிக்க உதவிற்று. 1934ஆம் ஆண்டின் கொடிய வரட்சிக்குப் பின், 1935 முதல் மத்திய அரசின் விவசாயத் திணைக்களமே பனியளவீட்டைப் பொறுப்பேற்றது. இன்று மேற்கு மாநிலங்களின் மலைகளில் 900க்கு மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் உள்ளன. உறையாத திரவம் நிரப்பிய தட்டையான பைமீது பனி படிந்து அழுத்த, அந்த அழுத்தமே நீரின் அளவாகக் கணிக்கப்பட்டு நிலையத்திலிருந்து அனுப்பப்படுகின்றது.

மூன்று ஆண்டுகள் புகட்டிய பாடம்

2015 ஏப்பிரல் 1ஆம் திகதி, கலிபோர்னியாவின் மலைப்பனியிலிருந்த நீர் அந்நாளின் சராசரியில் நூற்றுக்கு 5 பங்கே எனக் கண்டனர். தாகோ ஏரியும் 2014 ஒக்தோபரிலேயே தன் இயற்கை விளிம்புக்குக் கீழே தாழ்ந்திருந்தது. முன்னறிவிப்பைக் கண்டவர்கள் நிலத்தைத் தரிசாக விட்டேனும், விதைச் செலவையும் உழைப்பையும் காத்துக்கொள்ள இயன்றது.

2017இல் நிலைமை தலைகீழாயிற்று. பெருமளவு பனி குவிந்தது. ஏறக்குறைய 3 இலட்சம் ஏக்கர் அடி நீர் கொள்ளும் லகொன்டன் அணைக்கு, அது தாங்கமாட்டாத வெள்ளம் வருமென முன்னறிவிப்புக் கூறிற்று. எனவே பனி உருகுமுன்னரே அணை நீரைத் திறந்து இடமொதுக்கினர். மிகைநீரைப் பாலைநிலத்துக்குக் கொண்டுசெல்ல அவசர வாய்க்காலும் வெட்டினர். பாலன் பகுதி பெருஞ்சேதத்தினின்றும் தப்பிற்று.

2021 வேறொரு பாடத்தைப் புகட்டிற்று. முந்திய வரட்சியால் மலைமண் காய்ந்து கிடந்தது. உருகிய நீரை மண்ணே குடித்துவிட, சியரா நெவாடாவின் ஆறுகளில் எதிர்பார்த்ததிலும் மிகக் குறைந்த நீரே இறங்கிற்று. பனியை அளந்தாற் போதாது, மண்ணின் ஈரத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும் என்பது இதனாற் தெளிவாயிற்று.

முன்னறிவிப்பை வாசிக்கும் வகை

முன்னறிவிப்பு வாக்குறுதியன்று. ஏனெனில் அதன்பின் பெய்யும் மழையையும், அடிக்கும் வெப்பத்தையும் எவரும் உறுதியாகக் கூறவியலாது. ஆதலால் ஒரே எண்ணைக் கூறாமல் பல எண்களைக் கூறுவர். முதல் எண், பத்தில் ஒன்பது வாய்ப்பில் அவ்வளவேனும் நீர் வரும் என்பது. நடு எண், பத்தில் ஐந்து வாய்ப்புடையது. கடைசி எண், பத்தில் ஒரு வாய்ப்பே உடையது.

விளக்கத்துக்காக ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவரிடம் 60 ஏக்கர் நிலமுண்டு. ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி நீர் வேண்டும். அவர் பங்குக்கு 160 ஏக்கர் அடி கிடைப்பதற்குப் பத்தில் ஒன்பது வாய்ப்பும், 240 ஏக்கர் அடி கிடைப்பதற்குப் பத்தில் ஐந்து வாய்ப்பும் உண்டு எனக் கொள்வோம். 160 ஏக்கர் அடி 40 ஏக்கருக்கே போதும். 60 ஏக்கரிலும் வெங்காயம் நட்டால், பாதி வாய்ப்பில் நீர் இடைநடுவே குறையும், நட்டதெல்லாம் வாடும், கடன் எஞ்சும். வெங்காயத்தை 40 ஏக்கருக்குள் அடக்கி, எஞ்சிய 20 ஏக்கரில் அல்பல்பாவை வைத்திருப்பவர் அவ்வாறு அழியார். நீர் குறைந்தால் அல்பல்பா வளர்ச்சியை நிறுத்திக் காத்திருந்து, மீண்டும் நீர் பெற்றதும் தளிர்க்கும். இழந்தால் மீளாத பயிரை முதல் எண்ணுக்கு ஏற்பச் செய்க. நடு எண்ணைத் தாங்கும் பயிருக்கே விடுக என்பதே இதன் சாரம்.

நமது சிறுபோகத்துக்கு

நம் நாட்டிற் பனியில்லை. ஆயினும் நெவாடாக் கமக்காரர் ஏப்பிரலில் மலைப்பனியை நோக்குவதுபோல், நாமும் சிறுபோகத்துக்கு முன் குளத்தை நோக்குகின்றோம். அளவுகோலின் எண்ணைக் கொண்டே சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் ஏக்கரைத் தீர்மானிக்கின்றோம். நீர் குறைந்த போகத்தில் ஒரு பகுதி வயலை மட்டும் எல்லோரும் பங்கிட்டுச் செய்யும் பெத்ம முறையும் நமக்குப் புதிதன்று. ஆகவே கூட்டத்துக்குச் செல்லுமுன் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளுங்கள்:

1. துருசு மட்டத்துக்குக் கீழுள்ள நீர் வயலுக்கு வராது. அதனைக் கழித்தே கணக்கிடவேண்டும்.

2. ஆவியாகப் போவதையும், வாய்க்காலிற் கசிவதையும் கழித்துக்கொள்ளுங்கள். வாய்க்காலைத் துப்புரவாக்குவது இந்நட்டத்தைக் குறைக்கும்.

3. இனிமேற் பெய்யக்கூடும் என்ற மழையை நம்பி நெல் ஏக்கரைக் கூட்டாதீர்கள். பெய்தால் அது மேலதிக இலாபமாகட்டும்.

4. நீர் ஐயமாயின் குறுகிய வயது நெல்லினத்தைத் தெரிவு செய்யுங்கள். மேட்டுப்பாங்கான வயலில் பயறு, உழுந்து, கௌப்பி முதலிய உப உணவுப் பயிர்களைச் செய்யுங்கள்.

5. தீர்மானித்த திகதியில் எல்லோரும் ஒருங்கே விதையுங்கள். ஒருவர் பிந்தினால், அவருக்காகத் துருசு மேலும் பல நாள் திறந்திருக்கவேண்டி வரும்.

கூட்டத்திற் தீர்மானித்த ஏக்கருக்கு மேலாக ஒருவர் விதைப்பாராயின், கதிர் பறியும் வேளையில் வாய்க்காலின் கடைசியிலுள்ள வயலே முதலில் வெடிக்கும். அவ்வயல் உங்கள் அயலவருடையதாகவும் இருக்கலாம், உங்களுடையதாகவும் இருக்கலாம். ஆதலின் குளத்தை அளந்து, அளவுக்குள் விதைத்து, விதைத்ததை முழுவதும் அறுவடை செய்வீர்களாக.