மேகத்தில் வைத்த கோப்பு பத்திரமா?



அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் நான்கு பேர் நீர் ராக்கெட் செய்தோம். அதன் 7 நிமிட வீடியோ 900 எம்பி வந்தது. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைத்து அனுப்ப முடியாது. "பென் டிரைவ் வேண்டாம்டா, வைரஸ் வரும். மேகத்துல போட்டுடலாம்" என்றான் என் நண்பன். அப்போதுதான் மேகச் சேமிப்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

மேகம் என்றால் வானத்தில் இருப்பது அல்ல. எங்கோ ஒரு தரவு மையத்தில் உள்ள கணினிகளில் நம் கோப்பு இருக்கும். இணையம் வழியே நாம் எடுத்துக்கொள்கிறோம். அவ்வளவுதான்!

மூன்று சேவைகளை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

1. டிராப்பாக்ஸ் (2008-இல் வந்தது): இலவச இடம் 2 ஜிபி. எங்கள் வீடியோ போல 2 தான் கொள்ளும்.

2. ஒன்டிரைவ் (மைக்ரோசாப்ட், 2014 வரை பெயர் ஸ்கைடிரைவ்): 5 ஜிபி. 5 வீடியோ கொள்ளும்.

3. கூகுள் டிரைவ் (2012): 15 ஜிபி. 16 வீடியோ கொள்ளும். ஆனால் ஜிமெயில், கூகுள் போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 15 ஜிபி.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. டிராப்பாக்ஸில் ஒரு போல்டரை நான்கு பேர் பகிர்ந்துகொண்டால், நான்கு பேர் கணக்கிலும் இடம் குறையும். மற்ற இரண்டிலும் கோப்பின் சொந்தக்காரர் கணக்கில் மட்டுமே குறையும். அதனால் கூகுள் டிரைவைத் தேர்ந்தெடுத்தோம்.

இனிமேல்தான் கதையே! எங்கள் ஸ்லைடுகளை 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று மாற்றி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டோம். கண்காட்சிக்கு முதல் நாள் திறந்து பார்த்தால் நான்கு ஸ்லைடுகளைக் காணோம்! யார் கை பட்டதோ தெரியவில்லை. அழாத குறைதான். கணினி சார் பதறவே இல்லை. "பைல் மெனுவுல வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கு பாரு" என்றார். முந்தைய நாள் பிரதி அப்படியே திரும்பக் கிடைத்தது. போன உயிர் வந்தது!

நான் கற்றுக்கொண்டவை:

* பார்ப்பவருக்குப் பார்க்கும் அனுமதி போதும். கூட வேலை செய்பவருக்கு மட்டும் திருத்தும் அனுமதி.

* தவறி அழித்த கோப்பு மூன்று சேவைகளிலும் சுமார் 30 நாள் வரை மீட்கக் கிடைக்கும். அதற்குள் தேடிவிட வேண்டும்.

* கணினியோடு ஒத்திசையும் போல்டரில் ஒன்றை அழித்தால் மேகத்திலும் அழிந்துவிடும். ஆகவே வேறு இடத்தில் இன்னொரு பிரதி கட்டாயம் வேண்டும்.

எத்தனை ஜிபி தருகிறார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். எவ்வளவு பெரிய பீரோ வாங்கினாலும், சாவியை ஊருக்கே கொடுத்தால் என்ன பயன்? யோசியுங்கள் நண்பர்களே!

— பதினொன்றாம் வகுப்பு மாணவன், 'அ' பிரிவு