நூறில் ஒரு பங்கு நொடி



எங்க ஊரில் ஒரு பொம்பளப் பிள்ளை வேகமா ஓடினா, "பெரிய பி.டி. உஷான்னு நெனப்பு" என்பார்கள். எங்க அப்பத்தாவும் என்னை அப்படித்தான் சொல்லும். உஷா ஓட்டத்தை நிறுத்தியது 2000-ஆம் ஆண்டு. அப்போ நாம யாருமே பிறக்கலை. அப்புறம் எப்படி அவங்க பேர் நம்ம தெரு வரைக்கும் வந்தது?

முதலில் ஒன்று. பி.டி. என்றால் நம்ம பி.டி. பீரியட் இல்லை! பிலாவுள்ளகண்டி தெக்கேபரம்பில் என்ற குடும்பப் பெயரின் சுருக்கம். 1964-இல் கேரளாவில் கோழிக்கோடு அருகே பிறந்தவர். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ஓ.எம். நம்பியார். 16 வயதிலேயே 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடினார்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்களுக்கு 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் முதன்முதலாக வைத்தது அப்போதுதான். மொத்தம் 10 தடைகள். மூன்றாவதாக வந்த ருமேனியா வீராங்கனை 55.41 நொடி. உஷா 55.42 நொடி. நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலம் போச்சு!

அது எவ்வளவு தூரம்? நானே கணக்குப் போட்டேன். 400 மீட்டரை 55.42-ஆல் வகுத்தால் நொடிக்கு சுமார் 7.2 மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு 7.2 சென்டிமீட்டர். உங்க ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிற 15 செ.மீ. ஸ்கேலில் பாதிகூட இல்லை!

கோட்டை எது முதலில் தொடுகிறது என்பதற்கு விதி உண்டு. தலை, கை, கால் கணக்கில்லை, உடம்புதான் கணக்கு. அதனால்தான் கடைசியில் நெஞ்சை முன்னால் சாய்க்கணும்.

உஷா அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. 1985-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5 தங்கம், 1 வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 4 தங்கம், 1 வெள்ளி. 2002-இல் ஓட்டப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே படித்த டின்டு லூகா ஒலிம்பிக் வரை போனார். 2022-இல் உஷா இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

கேரளா தூரம் என்று நினைக்காதீர்கள். நம்ம மதுரை பக்கத்துச் சக்கிமங்கலம் ரேவதி, அப்பா அம்மா இல்லாமல் பாட்டி வளர்த்த பிள்ளை. வெறுங்காலில் ஓடிப் பழகியவர், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டம் ஓடினார்.

எட்டாவது வரை எங்க வகுப்பில் ஏழு பெண்கள் ஓடினோம். இந்த வருஷம் மைதானத்துக்கு வருவது இரண்டே பேர். மற்றவர்களுக்குக் கால் வலி இல்லை. "பெரிய பிள்ளையாயிட்ட, இனி என்ன ஓட்டம்" என்ற பேச்சுதான்.

இனி யாராவது "பெரிய பி.டி. உஷா" என்று கேலி செய்தால், தலையைக் குனியாதீங்க தோழிகளே. ஆமா என்று சொல்லிவிட்டு ஓடுங்க. நானும் அப்பத்தாவிடம் அப்படித்தான் சொல்லப் போகிறேன்.

யோசித்துச் சொல்லுங்கள்:
1. நொடிக்கு 6 மீட்டர் ஓடுபவர், நூறில் ஒரு பங்கு நொடியில் எத்தனை செ.மீ. ஓடுவார்?
2. நம்ம பள்ளியில் ஓட்டத்தை நிறுத்திய பெண்கள் எத்தனை பேர்?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி