ஒரு வினைச்சொல்லின் கூட்டாளிகள்



சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தம் படிப்புக்குப் பண உதவி செய்த பெரியவருக்கு நன்றி கூறி ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் அது. அதில் ஒரு வாக்கியம்: ‘யுவர் ஹெல்ப் காஸ்ட் மை சக்ஸஸ்’. “என் வெற்றிக்கு உங்கள் உதவியே காரணம்” என்பதுதான் அவர் சொல்ல விரும்பியது. நானும் படித்துவிட்டு, “சரியாகத்தானே இருக்கிறது” என்றேன். அருகிலிருந்த ஆங்கிலத் துறை நண்பர் சிரித்துவிட்டார். “இலக்கணப் பிழை இல்லை, சார். ஆனால் வெற்றி என்பது ஏதோ விபத்து மாதிரி ஒலிக்கிறதே!” என்றார்.

எழுவாய், வினை, செயப்படுபொருள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அகராதியைப் புரட்டினாலும் பொருள் பொருந்துகிறது. பின் கோளாறு எங்கே?

சி, ஏ, யு, எஸ், இ என்ற ஐந்து எழுத்துகளைக் கொண்ட அந்த ‘காஸ்’ ஒரு காரணவினை. ஒன்று மற்றொன்றை நிகழச் செய்கிறது என்று அது தெரிவிக்கும். எது நிகழ்ந்தது என்பதை அதையடுத்து வரும் பெயர்த்தொடர் சொல்லும். எந்தப் பெயர்த்தொடரும் அங்கே வரலாம் என்றுதான் இலக்கணம் கூறுகிறது. மக்கள் உண்மையில் எதை அங்கே வைக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காண எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தவர்கள்

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் குசேரா, பிரான்சிஸ் என்ற இருவர் இதற்கு வழி வகுத்தனர். 1961-இல் அந்நாட்டில் அச்சான எழுத்துகளிலிருந்து 500 பகுதிகளை எடுத்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 சொற்கள். ஆக மொத்தம் சுமார் 10 லட்சம் சொற்களைக் கணிப்பொறியில் ஏற்றினர். பின்னர் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் இதைவிடப் பெரிய தொகுப்பை உருவாக்கி, அதன் துணையுடன் 1987-இல் மாணவர்களுக்கான ஓர் அகராதியை வெளியிட்டார்.

மைக்கேல் ஸ்டப்ஸ் என்ற அறிஞர், இத்தகைய தொகுப்புகளில் ‘காஸ்’ வரும் இடங்களை ஆராய்ந்து 1995-இல் ஒரு கட்டுரை எழுதினார். அச்சொல்லை ஒட்டி மிகுதியாக வந்த பெயர்கள் எவை தெரியுமா? பிராப்ளம், டேமேஜ், டெத், டிசீஸ், பெய்ன், ட்ரபிள். அதாவது தொல்லை, சேதம், மரணம், நோய், வலி, சங்கடம்! நல்லவை மிக மிகக் குறைவு.

இரும்புத்தூளைத் தூவினால்தான் காந்தத்தின் புலம் கண்ணுக்குத் தெரிகிறது. அதுபோல, ஆயிரக்கணக்கான வாக்கியங்களைத் திரட்டிய பிறகே ஒரு சொல்லைச் சுற்றியுள்ள கூட்டம் புலப்படுகிறது. ஒரே ஒரு வாக்கியத்தை உற்றுப் பார்த்தால் அது தெரியாது.

நாம் ஏன் தவறுகிறோம்?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நம் மொழி. தமிழில் ‘காரணம்’ என்ற சொல் நன்மை, தீமை இரண்டையும் சமமாக ஏற்கும். ‘வெற்றிக்குக் காரணம்’ என்போம். ‘தோல்விக்குக் காரணம்’ என்றும் கூறுவோம். காரணம் என்றால் ‘காஸ்’ என்று மனப்பாடம் செய்தவர், வெற்றியையும் அதனுடன் சேர்த்துவிடுகிறார். ஆனால் தமிழிலும் இப்படிப்பட்ட சொல் இல்லாமல் இல்லை. ‘தீங்கு விளைவித்தது’, ‘இடையூறு விளைவித்தது’ என்கிறோம். ‘மகிழ்ச்சி விளைவித்தது’ என்று எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

இரண்டாவது காரணம் எங்கள் இயற்பியல்தான்! ‘விசை முடுக்கத்தை உண்டாக்குகிறது’ என்பதை ஆங்கிலப் பாடநூல் ‘எ ஃபோர்ஸ் காஸஸ் ஆக்ஸிலரேஷன்’ என்று எழுதும். முடுக்கம் நல்லதும் அன்று, கெட்டதும் அன்று. அறிவியல் எழுத்தில் ‘காஸ்’ இப்படி நடுநிலையாக நிற்கும். பாடநூலில் மட்டுமே அதைச் சந்தித்துப் பழகிய நானும் என் மாணவரும் கடிதத்திலும் அது அப்படியே நிற்கும் என்று நம்பிவிட்டோம். ஒரு சொல்லின் கூட்டாளிகள் எழுத்தின் வகைக்கேற்ப மாறுவார்கள் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

அப்படியானால் அந்த மாணவர் எப்படி எழுதியிருக்கலாம்? ‘யுவர் ஹெல்ப் மேட் மை சக்ஸஸ் பாஸிபிள்’ என்று எழுதலாம். ‘மேக்’ என்ற வினையும் காரணவினையே. அதனுடன் பெயர்த்தொடரும் பெயரடையும் சேர்ந்து, “என் வெற்றியைச் சாத்தியமாக்கியது” என்ற பொருளைத் தருகின்றன. கடிதத்தை அப்படியே திருத்தி அனுப்பினோம்.

‘மேக்’ வினையில் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஹீட் காஸஸ் த மெட்டல் டு எக்ஸ்பாண்ட்’ என்பதில் ‘டு’ உண்டு. ‘ஹீட் மேக்ஸ் த மெட்டல் எக்ஸ்பாண்ட்’ என்பதில் ‘டு’ இல்லை. ‘ஹி மேட் மி டு லாஃப்’ என்று நம்மில் பலர் எழுதுவது பிழை. ‘ஹி மேட் மி லாஃப்’ என்பதே சரி. ‘காஸ்’ பற்றி மேலே கூறியது ஒரு போக்கு. அதற்கு விலக்குகள் உண்டு. ‘டு’ பற்றிக் கூறியதோ விதி.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு வாரத்து ஆங்கில நாளிதழ்களைச் சேர்த்து வையுங்கள். ‘காஸ்’, ‘காஸஸ்’, ‘காஸ்ட்’, ‘காஸிங்’ ஆகியவை வினையாக வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். அதே சொல் பெயராக வரும் இடங்களை விட்டுவிடுங்கள். எது நிகழ்ந்தது என்று கூறும் பெயர்த்தொடரை ஒரு தாளில் எழுதுங்கள். ‘காஸ்ட் பை’ என்று வந்தால் அது வினைக்கு முன்னால் இருக்கும். பின்பு நல்லது, கெட்டது, இரண்டுமல்லாதது என மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முப்பது வாக்கியங்களாவது தேறட்டும். அடுத்து, ஓர் ஆங்கில அறிவியல் பாடநூலை எடுத்து இதே கணக்கைப் போடுங்கள்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகராதி சொல்லாத ஒன்றை உங்கள் கணக்கு சொல்லும். இனி ஒரு புதிய ஆங்கிலச் சொல்லைக் கற்கும்போது, அதன் பொருளோடு அதன் கூட்டாளிகள் நான்கைந்து பேரையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.