ஓய்வுப் பணமும் இட்லிப் பொடிக் கணக்கும்

இம்மாதப் பாடம்: ஓய்வுக்குப் பிறகு தொழில்



1982 ஜூலை 1 அன்று நம் திருச்சி பாப்பாக்குறிச்சியில்தான் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதில் அமைப்பாளராக, சமையலராக, உதவியாளராக உழைத்து ஓய்வு பெற்ற பெண்கள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். ஓய்வு பெறும்போது ஒரு மொத்தத் தொகை கைக்கு வருகிறது. மாதாமாதம் வரும் ஓய்வூதியமோ குறைவு. அப்போதுதான் "ஏதாவது தொழில் செய்யலாமா?" என்ற எண்ணம் வருகிறது.

நடந்தது என்ன?

ஸ்ரீரங்கத்தில் நம் உறுப்பினர் ஒருவர் சத்துணவுச் சமையலராக இருந்து ஓய்வு பெற்றார். பணம் வந்த வாரமே உறவினர் ஒருவர் வந்து, "அம்மா மண்டபம் ரோட்டுல ஒரு கடை காலியா இருக்கு. அட்வான்ஸ் குடுத்துப் பிடிச்சுடுவோம். உங்க கைப்பக்குவத்துக்குக் கூட்டம் அள்ளும்" என்றார். அக்காவும் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார்.

குழுக் கூட்டத்தில் ஊக்குநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, ஒரு இட்லிக்கு எவ்வளவு செலவாகும்?"

அக்காவிடம் பதில் இல்லை. "அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சர்க்கார்ல இருந்து வந்துச்சு. நான் ஆக்கிப் போட்டேன். விலை போட்டதே இல்லையே" என்றார்.

பாடம் இதுதான். 200 பிள்ளைகளுக்குச் சமைப்பது ஒரு திறமை. விலை போட்டு விற்பது வேறு திறமை. அதைக் கற்றுக்கொள்ள மொத்தப் பணத்தையும் போட வேண்டியதில்லை. "3,000 ரூபாய், 3 மாதம், வீட்டு அடுப்பு. இட்லிப் பொடி போட்டுப் பாருங்க" என்று குழு சொன்னது. உறவினர் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசவில்லை.

அக்கா எழுதிய கணக்கு (1 கிலோ, 100 கிராம் பாக்கெட் 10)

பொருள்கள்: ரூ.240
கேஸ்: ரூ.20
மிஷின் கூலி: ரூ.20
கவர், லேபிள்: ரூ.30
மொத்தச் செலவு: ரூ.310
விற்பனை (10 x 40): ரூ.400
மீதி: ரூ.90

முதலில் பொருள் விலையை மட்டும் கழித்து, லாபம் 160 என்று நினைத்திருந்தார். எழுதிப் பார்த்த பிறகுதான் 90 என்று தெரிந்தது. அந்த 90 ரூபாய்க்கு 3 மணி நேர வேலை, அதாவது மணிக்கு 30 ரூபாய். ஒரே தடவையில் 4 கிலோ செய்தபோது வேலை 6 மணி நேரம்தான், மீதி 360. மணிக்கு 60 ரூபாய். நம் உழைப்பையும் கணக்கில் எழுதினால்தான் இது புரியும்.

அடுத்த பாடம் கடன். மளிகைக் கடைகளுக்குக் கடனாகக் கொடுத்ததில் 700 ரூபாய் வரவேயில்லை. அதன்பின் ரொக்கத்துக்கு மட்டும், ஆர்டர் வாங்கிக்கொண்டு செய்கிறார். மாதம் 20 கிலோ போனால் 1,800 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் மருந்துச் செலவுக்கு யாரிடமும் கை நீட்டவில்லை. ஓய்வுப் பணமும் பத்திரமாக இருக்கிறது. "அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்திருந்தா, இந்த 700 ரூபா பாடத்தை லட்சத்துல படிச்சிருப்பேன்" என்கிறார் அக்கா.

மனதில் கொள்ள வேண்டியவை

1. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று, இருக்கும் கடனுக்கும் மருத்துவத்துக்கும். இரண்டாவது பெரிய பங்கு, பாதுகாப்பான சேமிப்புக்கு. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதானவர்களுக்கானது; காலம் 5 ஆண்டு; 3 மாதத்துக்கு ஒருமுறை வட்டி கிடைக்கும். மூன்றாவது சிறு பங்குதான் தொழிலுக்கு. அது போனாலும் நம் சாப்பாடு போகக் கூடாது.

2. உடம்பைக் கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு நாள் முழுதும் நிற்கும் டிபன் கடை சரிப்படாது.

3. உணவுப் பொருள் விற்றால், வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும்.

4. பயிற்சிக்கோ மானியக் கடனுக்கோ மனுப் போடும் முன் வயது வரம்பைக் கேளுங்கள். சிலவற்றில் நமக்கு இடமில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கிடைக்கும். மானியம் போக மீதி கடன்தான். அதைக் கட்டியாக வேண்டும். வாழையில் மதிப்புக் கூட்டிய பொருள்கள் பற்றி அறிய, 1993-ல் தொடங்கப்பட்டு, இப்போது தாயனூர் அருகே இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகலாம்.

5. "மாசம் இவ்வளவு வட்டி" என்று ஆசை காட்டுபவர்களிடம் ஓய்வுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். 2023-ல் நம் திருச்சியிலேயே நகைச் சீட்டில் பணம் போட்ட பலர் ஏமாந்து தெருவுக்கு வந்தார்கள். ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

6. வீட்டில் பணம் கேட்டு நெருக்கினால், "குழுவுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். தனியாக மறுப்பது கஷ்டம். அதற்கும்தான் குழு இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

- நம் குழுவில் 2 ஆண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள் யார்?
- அவர்களுக்குத் தெரிந்த வேலை எது? அதற்கு விலை போடத் தெரியுமா?
- ஓய்வுக்கு முன்பே, சிறு தொகையில் 3 மாதம் செய்து பார்க்க முடியுமா?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள் சகோதரிகளே.