எந்தக் கேமராவை வாங்குவது?

நுழையும்முன்

மாணவர்களே! கடைக்குச் சென்று ஒரு பொருளை வாங்குவதற்கு முன் வீட்டில் நடைபெறும் பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். விலை, பயன், உழைக்கும் காலம் ஆகியவற்றை ஆராய்ந்த பின்பே பணப்பை திறக்கும். அவ்வாறு ஆராய்ந்து முடிவெடுத்த ஒரு நிகழ்ச்சியை இப்பாடம் கூறுகிறது. இது நம் பாண்டுப்பில் நடந்தது.

பூநாரை வரும் ஊர்

பாண்டுப் தொடர்வண்டி நிலையத்திலிருந்து கிழக்கே சென்று விரைவு நெடுஞ்சாலையைக் கடந்தால், நீரேற்று நிலையத்திற்குச் செல்லும் பாதை வரும். இருபுறமும் அலையாத்திக் காடு. அதற்கப்பால் தானே கழிமுகம். ஓதம் வற்றும்போது சேற்றுப் பரப்பு வெளிப்படும். குளிர்காலம் தொடங்கி மழைக்காலம் வரும்வரை அச்சேற்றில் பூநாரைகள் தலைகீழாக அலகை அமிழ்த்தி இரை தேடும். இப்பகுதி 2015ஆம் ஆண்டு பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு 1,690 ஹெக்டேர். 2022ஆம் ஆண்டில் இஃது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. தமிழகத்தில் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் காணப்படும் அதே பறவைதான் இங்கும் வருகிறது. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அதைக் காணும்போது ஓர் உறவு தோன்றுவதில் வியப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாதையில் பெரிய பெரிய கேமராக்களுடன் பலர் நிற்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி அவர்களைப் பார்த்துப் பார்த்துத் தானும் ஒரு கேமரா வாங்க வேண்டும் என்று ஆசை கொண்டாள். அவள் தாய் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். சொந்த ஊர் திருநெல்வேலிக்கு அருகில் ஒரு சிற்றூர். ஒருநாள் மாலை அவர் மகளுடன் பள்ளிக்கு வந்தார்.

“சார், சீட்டு எடுத்த துட்டு கொஞ்சம் இருக்கு. பிள்ள ரெண்டு கேமராவக் காட்டுதா. ரெண்டும் ஒரே வெலதான். எத வாங்கணும்னு நீங்க பாத்துச் சொல்லுங்க” என்றார்.

இரண்டும் பழைய கேமராக்கள். ஒன்று நிக்கான் டி90. 2008ஆம் ஆண்டு வெளிவந்த டிஎஸ்எல்ஆர் வகை. ஒரு சிறு வில்லையும் உடன் வரும். மற்றொன்று சோனி எச்எக்ஸ்90வி. 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. சட்டைப் பையில் அடங்கும் சிறிய கேமரா. முன்னதில் 12 மெகாபிக்சல், பின்னதில் 18. ‘புதியதும் இதுவே, பிக்சல் மிகுந்ததும் இதுவே; ஆனால் பெரியதுதான் பார்க்க அழகாக இருக்கிறது’ என்பது மாணவியின் குழப்பம்.

செல்பேசி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பல படங்களுக்குப் போதும். ஆனால், அவ்வீட்டில் இருந்த ஒரே செல்பேசி நாள் முழுவதும் மாவு கேட்டு அழைப்போருக்கு உரியதாக இருந்தது.

நான் உடனே விடை கூறவில்லை. “நீ எடுக்க விரும்பும் மூன்று படங்களை எழுதிக்கொண்டு வா” என்றேன். மறுநாள் அவள் குறிப்பேட்டில் மூன்று வரிகள் இருந்தன. ஒன்று, பூநாரை. இரண்டு, ஊரில் இரவில் நடக்கும் அம்மன் கொடை. மூன்று, பாட்டி. மூன்றாவது வரிக்குக் கீழே சிறிய எழுத்தில், ‘பாட்டிக்கு வாக்காளர் அட்டையில் உள்ள படம் மட்டுமே இருக்கிறது’ என்று எழுதியிருந்தாள். பாட்டிக்கு எண்பது வயது கடந்துவிட்டது.

அண்டாவும் குவளையும்

மும்பை மழையில் முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு குவளையையும் வையுங்கள். ஒரே மழை; ஒரே நேரம். ஆயினும் வாயகன்ற அண்டாவில்தான் மிகுந்த நீர் சேரும். கேமராவும் அப்படியே. அதனுள்ளே ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு ஒன்று இருக்கிறது. அதைச் சென்சார் என்பர். தமிழில் ஒளியுணரி எனலாம். டி90இன் ஒளியுணரி 23.6 மில்லிமீட்டர் நீளமும் 15.8 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. சிறிய கேமராவில் உள்ளதோ ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் அகலமுமே உடையது. பெருக்கிப் பாருங்கள். முன்னதன் பரப்பு பின்னதைப்போல் பதின்மூன்று மடங்கு!

பகல் வெளிச்சம் அடைமழை போன்றது. குவளையும் நிரம்பிவிடும், எனவே வெயிலில் இரு கேமராக்களின் படங்களுக்கும் பெரிய வேறுபாடு தோன்றாது. விளக்கு வெளிச்சமோ தூறல் போன்றது. அப்போதுதான் அண்டாவின் அருமை தெரியும். தீவட்டியும் குழல்விளக்கும் மட்டுமே உள்ள கொடை விழாவில் சிறிய கேமரா எடுக்கும் படம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கும். அல்லது வில்லுப்பாட்டுக் கலைஞரின் கை நிழல்போல் கலங்கியிருக்கும். ஒளி போதாதபோது கேமரா தன் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைப்பதே அக்கலக்கத்திற்குக் காரணம்.

பிக்சல் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டா. ஆறு அங்குலத்திற்கு நான்கு அங்குலம் என்னும் அளவில் தெளிவாக அச்சிட இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மிகுதியாக இருந்தாலே போதும். பன்னிரண்டு இருக்கும்போது பதினெட்டு இல்லையே என்று வருந்துவது வீண்.

டிஎஸ்எல்ஆர் வகையில் வேறொரு சிறப்பும் உண்டு. வில்லை வழியே வரும் ஒளி உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே செல்லும். அங்குள்ள பட்டகத்தில் திரும்பி நம் கண்ணை வந்தடையும். விசையை அழுத்தியதும் கண்ணாடி மேலெழும், ஷட்டர் திறக்கும், ஒளி உணரியின்மேல் விழும். நாம் கேட்கும் ‘கிளிக்’ ஓசை இவற்றின் அசைவே. இதன் வில்லையைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். சிறிய கேமராவில் கண்ணாடியும் இல்லை, கழற்றும் வில்லையும் இல்லை. ஆகையால்தான் அது பையில் அடங்குகிறது.

பெரிய கேமராவும் சிறிய பறவையும்

இவ்வளவையும் கேட்ட மாணவி, “அப்படியானால் பூநாரைக்கும் பெரியதே நல்லதுதானே, ஐயா?” என்றாள். இல்லை! இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தவனே.

நீரேற்று நிலையப் பாதையில் நிற்போரின் கைகளில் உள்ள கேமராவைப் பார்த்த நாம், அதன் முன்னே நீண்டிருக்கும் வில்லையைப் பார்க்கவில்லை. பறவையை அருகில் கொண்டுவருவது அவ்வில்லை. அதன் விலை பெரும்பாலும் கேமராவின் விலையைவிட மிகுதி. மாணவிக்குக் கிடைக்கவிருந்தது 18 முதல் 55 மில்லிமீட்டர் வரை செல்லும் சாதாரண வில்லை. கணக்கிட்டுப் பார்த்தோம். 150 மீட்டர் தொலைவில் 90 சென்டிமீட்டர் உயரமுள்ள பூநாரை நிற்பதாகக் கொள்வோம். அவ்வில்லையில் அது படத்தின் உயரத்தில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே இருக்கும். இளஞ்சிவப்புப் புள்ளி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். சிறிய கேமராவிலோ முப்பது மடங்கு நெருக்கிக் காட்டும் வசதி இருக்கிறது. அதில் அதே பறவை படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு வரும். அலகின் வளைவும் தெரியும். அதிகாலைப் பூநாரையை நல்ல வெயிலில் எடுப்பதற்கு, அந்த விலைக்குள், சட்டைப்பைக் கேமராவே மேலானது.

எடையையும் மறத்தல் ஆகாது. டி90, மின்கலமும் வில்லையும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. எச்எக்ஸ்90வி 245 கிராம். காலை எட்டு மணிக்குப் பாண்டுப்பில் தாதர் செல்லும் வண்டியில் ஏறியவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. நான் முதன்முதலில் வாங்கிய பெரிய கேமரா, எடைக்கு அஞ்சி, பல பயணங்களில் பீரோவிலேயே தங்கிவிட்டது. பணி மாறுதலில் மும்பைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் அதைத் தோலுறையில் இட்டுப் பூட்டி வைத்தேன். புரட்டாசியில் திறந்தபோது வில்லைக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்திருக்க வேண்டும் என்பது அதன்பின்தான் எனக்குத் தெரிந்தது.

பழைய கருவி என்றால் தாழ்வு என்று எண்ணாதீர்கள். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) சிறந்த இயற்கையியலாளர். கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். ஒரு கேமராவின் உடற்பகுதியையும் வேறொன்றின் தொலைவில்லையையும் இணைத்துத் தாமே ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். 1970இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

முடிவு

மூன்று படங்களில் ஒன்றுக்குச் சிறியதும் இரண்டுக்குப் பெரியதும் ஏற்றவை. எண்ணிக்கையை மட்டும் பார்த்து நான் அறிவுரை கூறவில்லை. “பூநாரை அடுத்த ஆண்டும் வரும்” என்று தாய்தான் மெல்லச் சொன்னார். அதற்குமேல் எவரும் எதுவும் பேசவில்லை.

கோட்டைப் பகுதியில், சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திற்கு அருகே, போரா பஜார் என்னும் தெரு இருக்கிறது. கேமராக் கடைகளுக்குப் பெயர்பெற்றது அது. அங்கே டி90ஐ வாங்குமுன் நாங்கள் செய்த சோதனைகளைக் கூறுகிறேன். வில்லையின் ஒருபுறம் கைவிளக்கை அடித்து மறுபுறம் பார்த்தோம், பூஞ்சை இல்லை. துளையை மிகச் சிறிதாக்கி வெறும் வானத்தைப் படமெடுத்தோம். உணரியில் தூசு இருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். இரண்டு புள்ளிகள் தெரிந்தன. கடைக்காரர் துடைத்துக் கொடுத்தார். ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதையும் கேட்டோம். இவ்வகையின் ஷட்டர் ஒரு இலட்சம் முறை இயக்கிச் சோதிக்கப்பட்டது. ஆகவே அவ்வெண்ணை நெருங்கிய கருவியைத் தவிர்த்தல் நன்று. மின்கலம் இன்றும் கிடைக்கிறதா என்றும் விசாரித்தோம். மிகப் பழைய சில கேமராக்களுக்கு நினைவக அட்டையே எளிதில் கிடைப்பதில்லை.

சிறிய வில்லைக்கு ஈடாகப் பழைய 50 மில்லிமீட்டர் வில்லையை மாற்றித் தருவதாகக் கடைக்காரர் கூறினார். ‘எஃப் 1.8’ என்று அதில் எழுதியிருந்தது. இவ்வெண் சிறிதாகச் சிறிதாக ஒளி புகும் வாயில் பெரிதாகும். எஃப் 3.5 உடைய வில்லையைவிட இது ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். இவ்வகைப் பழைய வில்லைகள் தாமே குவியம் கொள்வதற்குக் கேமராவினுள் மோட்டார் வேண்டும். டி90இல் அஃது உண்டு. டி40 போன்ற சிலவற்றில் இல்லை. இதை அறியாமல் வாங்கிவிட்டுக் கையால் திருகித் திருகிச் சலித்தவர்கள் பலர். மாணவி மாற்றிக்கொண்டாள். பூநாரை இன்னும் தொலைவுக்குப் போயிற்று!

மே மாத விடுமுறை முடிந்து அவள் திரும்பியபோது படங்களைக் கொண்டுவந்தாள். கொடைப் படங்களில் பாதி கலங்கியிருந்தன. ஒன்றில் மட்டும் வில்லின் மணிகள் தீவட்டி ஒளியில் தனித்தனியே தெரிந்தன. மற்றொரு படத்தில், அந்தி நேரத்தில், மின்விளக்குப் போடாத திண்ணையில் பாட்டி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முகச் சுருக்கங்களும் காதில் பாம்படம் தொங்கிய துளையும் தெளிவாக இருந்தன. “பாட்டி என்ன சொன்னார்?” என்று கேட்டேன். “இவ்வளவு கெழவியாவா இருக்கேன்?’னு கேட்டாங்க, ஐயா” என்றாள்.

சொல் அறிவோம்

ஓதம் – கடல்நீரின் ஏற்றவற்றம். அலையாத்தி – உவர்சேற்றில் வளரும் மரவகை. கொடை – தென்தமிழக ஊர்க்கோயில் விழா. சுளகு – முறம். பாம்படம் – முதிய பெண்கள் அணியும் கனத்த காதணி. குவியம் – ஒளி ஒன்றுகூடும் இடம்.

பயிற்சி

1. மாணவியின் தாய் கூறியதை எழுத்து வழக்கில் மாற்றி எழுதுக. ‘துட்டு’, ‘காட்டுதா’ ஆகிய சொற்களை உங்கள் வீட்டில் எவ்வாறு கூறுவர்? பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.

2. அண்டா, குவளை உவமையைக் கொண்டு ஒளியுணரியின் அளவு ஏன் முக்கியம் என்பதை ஐந்து தொடர்களில் விளக்குக.

3. பூநாரையைப் படமெடுக்க எந்தக் கேமராவைப் பரிந்துரைப்பீர்கள்? பாடத்திலுள்ள கணக்கைச் சான்றாகக் காட்டுக.

4. ‘ஆசிரியர் செல்பேசியைப் போதிய அளவு கருதிப் பார்க்கவில்லை’ – இக்கருத்தை ஆதரித்தோ மறுத்தோ வகுப்பில் பேசுக.

5. நீங்கள் எடுக்க விரும்பும் மூன்று படங்களை எழுதுக. அவற்றை எங்கே, எந்த வெளிச்சத்தில் எடுப்பீர்கள் என்பதையும் குறிப்பிடுக.